மருந்து கொடுத்த பிறகு கடிகாரத்தைப் பாருங்கள்

சிங்கப்பூரில் எங்கள் வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் தாதிமை மாணவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு குறிப்பேட்டோடு வருகிறார்கள். மருந்தின் பெயர், வகை, பயன், பக்கவிளைவு என்று கோடு போட்டு அழகாக எழுதியிருப்பார்கள். தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலிருந்து வருபவர்களும் சரி, பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழகத்திலிருந்து வருபவர்களும் சரி, உழைப்பில் குறை வைப்பதில்லை. ஆனால் "அந்தத் தாத்தாவுக்கு 8 மணிக்குக் கொடுத்த மாத்திரை இப்போது உடம்புக்குள் என்ன செய்துகொண்டிருக்கும்?" என்று கேட்டால் முழிப்பார்கள். குறிப்பேட்டில் நேரத்துக்கென்று ஒரு கட்டமே இருக்காது.

மருத்துவர் மருந்தை எழுதிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடுவார். மருந்தாளர் அளவைச் சரிபார்த்து அனுப்பிவிடுவார். அந்த மருந்து உள்ளே போய், உச்சத்தைத் தொட்டு, மெல்ல இறங்கும் மணிநேரம் முழுக்க நோயாளியின் பக்கத்தில் இருப்பது தாதிதான். அதனால் மருந்தியலில் வேறு எது மறந்தாலும் மூன்று கேள்விகள் மறக்கக்கூடாது என்று மாணவர்களிடம் சொல்வேன். எப்போது வேலை செய்ய ஆரம்பிக்கும்? எப்போது உச்சத்தில் இருக்கும்? எப்போது உடம்பைவிட்டுப் போகும்? பாடத்தில் வறட்சியாகத் தெரிந்த பல விஷயங்கள் எனக்கு வார்டில் பிடிபட்டது இந்தக் கேள்விகளால்தான்.

பாடம் உறிஞ்சுதல், பரவுதல், சிதைத்தல், வெளியேற்றுதல் என்று தொடங்கும். இந்த நான்கையும் ஒப்பிப்பது சுலபம். ஒரு மருந்தைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் புரியும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் கிளிசரில் டிரைநைட்ரேட்டை எடுத்துக்கொள்வோம். வார்டில் எல்லோரும் ஜிடிஎன் என்றுதான் சொல்வோம். ஒருமுறை ஒரு அங்கிள் என்னிடம், "அந்தக் குட்டி மாத்திரையத் தண்ணி ஊத்தி முழுங்கிப் பாத்துட்டேன் மிஸ்ஸி, ஒரு பிரயோஜனமும் இல்ல" என்று சலித்துக்கொண்டார். அவர் சொன்னது உண்மைதான். விழுங்கும் மருந்து குடலில் உறிஞ்சப்பட்டதும் நேராக உடம்பெங்கும் போவதில்லை. மலேசியாவிலிருந்து காஸ்வே பாலத்தில் வரும் வண்டி எதுவானாலும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நின்றுதான் ஊருக்குள் வர வேண்டும் என்பதுபோல, அது முதலில் கல்லீரலைத் தாண்ட வேண்டும். சில மருந்துகளைக் கல்லீரல் பெரிதாகத் தொடாது. ஜிடிஎன்னில் பெரும்பகுதியை அங்கேயே சிதைத்துவிடும். நாக்கின் அடியில் வைத்தால் அங்குள்ள இரத்தக் குழாய்கள் வழியாகக் கல்லீரலைத் தொடாமல் இதயத்துக்குப் போய்விடும். 1 முதல் 3 நிமிடத்தில் வேலை ஆரம்பம், அரை மணிநேரம் போலத் தாங்கும். இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும் என்பதால் உட்காரவைத்துத்தான் கொடுக்க வேண்டும். அந்த அங்கிளிடம் படம் வரைந்து காட்டினேன். வலி அடங்காவிட்டால் காத்திருக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அடுத்து அரை ஆயுள். இரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், அவ்வளவுதான். பாரசிட்டமாலுக்கு அது 2 முதல் 3 மணிநேரம். இதயத்துக்குக் கொடுக்கும் டிகோக்சினுக்குச் சிறுநீரகம் நன்றாக இருப்பவரிடமே 36 முதல் 48 மணிநேரம். இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோனுக்கு வாரக்கணக்கில் போகும். ஒரே அளவில் தொடர்ந்து கொடுத்துவரும் மருந்து இரத்தத்தில் நிலையான அளவை எட்ட, ஏறத்தாழ ஐந்து அரை ஆயுள் பிடிக்கும். நிறுத்தினால் அநேகமாக முழுதும் வெளியேறவும் அதே அளவு காலம்தான். டிகோக்சினுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு வாரத்துக்கும் மேல் வருகிறது. அவசரமானால் முதலில் கூடுதல் அளவு கொடுத்து நிரப்புவது அதனால்தான். நச்சுத்தன்மை வந்துவிட்டால் "இன்றைய மாத்திரையை நிறுத்தியாச்சு, சரியாகிவிடும்" என்று நிம்மதியாக இருக்க முடியாததும் அதனால்தான்.

டிகோக்சின் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் பல பாடங்கள் ஒன்றாக வருகின்றன. கொடுக்கும் முன் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்து முழுதாக ஒரு நிமிடம் நாடித்துடிப்பு எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60க்குக் கீழே போனால் கொடுக்காமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். இரத்தத்தில் அளவு பார்க்க வேண்டுமானால் மாத்திரை கொடுத்துக் குறைந்தது 6 மணிநேரம் கழித்துத்தான் இரத்தம் எடுக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் மருந்து திசுக்களுக்குள் பரவி முடிந்திருக்காது, அளவு பொய்யாக ஏறிக் காட்டும். அதோடு, இதய நோயாளிகள் பலர் நீர் பிரிய ஃபுரோசமைடும் சாப்பிடுவார்கள். அது பொட்டாசியத்தை இழுத்துக்கொண்டு போகும். பொட்டாசியம் குறைந்தால், அதே டிகோக்சின் அளவே நச்சாகும். பசி இல்லை, குமட்டுகிறது, பார்வை மஞ்சளாகத் தெரிகிறது என்று வயதானவர் சொன்னால், ஆஸ்பத்திரிச் சாப்பாடு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். பொட்டாசியம் என்ன என்று பாருங்கள்.

இப்போது இன்சுலின். சிங்கப்பூரில் எந்த மருத்துவ வார்டில் நின்றாலும் இந்த மருந்தைத் தொடாமல் ஒரு ஷிஃப்ட் கழியாது. மாணவர்கள் வகைகளின் பெயரை நன்றாகப் படித்திருப்பார்கள். எனக்கு வேண்டியது அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் நேரம். வேகமாக வேலை செய்யும் அஸ்பார்ட் போன்றவை 10 முதல் 20 நிமிடத்தில் ஆரம்பித்து, 1 முதல் 3 மணிநேரத்தில் உச்சத்துக்குப் போகும். சாதாரணக் கரையும் இன்சுலினுக்கு ஆரம்பிக்கவே அரை மணிநேரம், உச்சம் சுமார் 2 முதல் 4 மணிநேரத்தில். கிளார்ஜினுக்குப் பெரிய உச்சம் கிடையாது, ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கச் சமமாக ஓடும்.

இது வார்டில் எப்படி வருகிறது என்று பார்க்கலாம். காலை 7:30க்குச் சர்க்கரை பார்க்கிறோம், வேகமான இன்சுலின் போடுகிறோம். சாப்பாட்டுத் தட்டு மேசைக்கு வருகிறது. சரியாக அந்த நேரத்தில் ஸ்கேன் அறையிலிருந்து அழைப்பு வருகிறது, போர்ட்டர் வந்து நோயாளியைக் கீழே கூட்டிப் போய்விடுகிறார். தட்டு மூடியபடியே இருக்கிறது. அங்கே வரிசையில் ஒரு மணிநேரம் ஆகலாம். இன்சுலின் உச்சத்தில் இருக்கும்போது வயிற்றில் ஒன்றும் இல்லை. இதை எந்தப் பாடப்புத்தகமும் படமாகப் போடாது. வேகமான இன்சுலின் போடும் முன் இரண்டே இரண்டு விஷயம் பார்க்கச் சொல்வேன்: தட்டு வந்துவிட்டதா, அடுத்த ஒரு மணிநேரத்தில் நோயாளிக்கு வேறு எங்கும் போக வேண்டியிருக்கிறதா. போக வேண்டியிருந்தால் முதலிலேயே மருத்துவரைக் கேட்டு முடிவுசெய்யலாம்.

சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. விழுங்க முடிகிற நோயாளிக்கு 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடத்தில் மறுபடி சோதனை. வியர்வை, நடுக்கம், படபடப்பு என்று அறிகுறிகளைப் படித்திருப்பீர்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பான் சாப்பிடுபவரிடம் நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் வரும். குளிரூட்டிய வார்டில் ஒருவருக்குச் சட்டை நனைய வியர்த்தால் உடனே விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். தைப்பூச விரதம் இருப்பவர்கள், ரமலானில் நோன்பு இருப்பவர்கள் எல்லோரிடமும் அவர்களுடைய சாப்பாட்டு நேரத்தை முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். "சாமி விரதம்மா, ஊசியை மட்டும் போட்டுக்கிறேன்" என்று சொல்லும் பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் நம் பேச்சைக் கேட்பார்கள், காரணத்தைப் பொறுமையாகச் சொன்னால்.

ஃபுரோசமைட் மாத்திரை ஒரு மணிநேரத்துக்குள் ஆரம்பித்து 6 மணிநேரம் போல வேலை செய்யும். இரண்டாவது வேளையை மாலை 4 மணிக்குள் முடிப்பது வழக்கம். இரவு 8 மணிக்குக் கொடுத்தால் தாத்தா நள்ளிரவில் கழிவறைக்கு நடப்பார். விழுந்து இடுப்பு முறிந்தால் அதற்கும் மருந்தின் நேரத்துக்கும் தொடர்பு உண்டு.

மார்ஃபீனை முறிக்கும் நாலொக்சோன் விஷயம் இன்னும் தீவிரமானது. மார்ஃபீன் அதிகமாகிச் சுவாசம் குறைந்தவருக்கு இரத்த நாளத்தில் ஊசியாகக் கொடுத்தால் ஓரிரு நிமிடத்தில் கண் திறப்பார், குடும்பத்தினர் அழுதே விடுவார்கள். ஆனால் அதன் வேலை 30 முதல் 90 நிமிடம்தான். மார்ஃபீன் அதைவிட நீண்ட நேரம் உள்ளே இருக்கும். மாற்று மருந்து முதலில் போய்விடும், மயக்கம் திரும்ப வரும். கண் திறந்ததும் நம் வேலை முடிவதில்லை, அடுத்த சில மணிநேரம் சுவாசத்தை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். மார்ஃபீன் கொடுத்தவரிடம் சுவாசம் குறைவதற்கு முன்பே தூக்கக் கலக்கம் கூடிக்கொண்டு வரும். "நல்லாத் தூங்குறார், எழுப்ப வேண்டாம்" என்று மகள் சொன்னாலும் மெதுவாகத் தட்டிப் பார்த்துவிடுங்கள்.

இனிச் சிறுநீரகம். நம் வார்டுகளில் படுத்திருப்பவர்களில் நிறையப் பேர் வயதானவர்கள். இரத்த அறிக்கையில் கிரியாட்டினின் சிவப்பாக இல்லை என்றால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் அதை வெளியேற்றும். தசை வற்றிப்போன பாட்டியிடம் அது குறைவாகவே உற்பத்தியாகும். 82 வயது, 42 கிலோ எடை, கிரியாட்டினின் 80 மைக்ரோமோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரப்படி 140லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, பெண்ணுக்கு 1.04ஆல் பெருக்கி, கிரியாட்டினினால் வகுத்தால், சிறுநீரகம் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் வேகம், அதாவது கிளியரன்ஸ், நிமிடத்துக்கு 32 மில்லிலிட்டர் வருகிறது. இளம் வயதில் 100க்கு மேல் இருக்க வேண்டியது. சிறுநீரகம் வழியாக வெளியேறும் மெட்ஃபார்மின், ஜென்டாமைசின், டிகோக்சின் எல்லாம் இவருக்கு அதிக நேரம் உள்ளேயே தங்கும். புத்தகத்தில் படித்த அரை ஆயுள் இந்தப் பாட்டிக்குப் பொருந்தாது. அளவைக் குறைப்பதும் இடைவெளியைக் கூட்டுவதும் மருத்துவர் வேலை. ஆனால் அவரை நிறுத்தி, "டாக்டர், இவருடைய கிளியரன்ஸ் 32தான் வருகிறது" என்று சொல்ல தாதியால் முடியும், சொல்லவும் வேண்டும்.

இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் வார்ஃபரினைப் பற்றித் தமிழ் நோயாளிகளிடம் பேசும்போது கீரையைத் தொடாமல் பேச முடியாது. இந்த மருந்து வைட்டமின் கே உதவியால் கல்லீரல் தயாரிக்கும் உறைதல் காரணிகளைத் தடுக்கிறது. ஏற்கெனவே இரத்தத்தில் சுற்றும் காரணிகளை அது ஒன்றும் செய்யாது. அவற்றில் ஏழாவது 6 மணிநேரம் போலவே தாங்கும், இரண்டாவதோ 60 மணிநேரம் வரை. அதனால்தான் முழுப் பலன் தெரிய ஐந்து நாள் போலப் பிடிக்கிறது, அதுவரை பலருக்கு உடனே வேலை செய்யும் ஹெபாரினும் சேர்த்து ஓடுகிறது. இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் சோதனைதான் ஐஎன்ஆர். நேற்று மாற்றிய அளவுக்கு இன்றைய ஐஎன்ஆரில் பதில் இருக்காது.

ஒரு பாட்டிக்கு ஐஎன்ஆர் திடீரென்று இறங்கிவிட்டது. மாத்திரை ஒன்றுகூடத் தவறவில்லை என்று சத்தியம் செய்தார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டபோதுதான், மருமகள் தேக்கா சந்தையில் முருங்கைக்கீரையும் பசலைக்கீரையும் வாங்கிவந்து தினமும் சமைக்க ஆரம்பித்திருப்பது தெரிந்தது. "கீரை ஒடம்புக்கு நல்லதுதானேம்மா" என்றார். நல்லதுதான் பாட்டி, விட வேண்டாம், ஆனால் ஒரு வாரம் கட்டுக்கட்டாகவும் மறுவாரம் ஒன்றுமில்லாமலும் சாப்பிடாதீர்கள், ஒரே அளவாகச் சாப்பிடுங்கள், அந்த அளவுக்குத் தக்கபடி டாக்டர் மாத்திரையை அமைத்துக்கொள்வார் என்று சொன்னேன். பாதிப் பேர் கீரையே கூடாது என்று பயமுறுத்திவிடுகிறார்கள். அது எனக்குப் பிடிப்பதில்லை, அவசியமும் இல்லை. இன்னொன்றும் கேட்பேன், மூட்டுவலிக்கு என்ன தேய்க்கிறீர்கள் என்று. கோடாலித் தைலம் போன்றவற்றில் இருக்கும் மீத்தைல் சாலிசிலேட் தோல் வழியாக உள்ளே போகும். நாளெல்லாம் தாராளமாகத் தேய்ப்பவருக்கு வார்ஃபரினின் வேலை கூடி இரத்தக் கசிவு வரலாம். "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். தைலத்தை யாரும் மருந்தாக நினைப்பதில்லை. சீன மருந்துக்கடையில் வாங்கிய கஷாயம், ஊரிலிருந்து வந்த லேகியம் எல்லாம் இப்படித்தான். பெயர் சொல்லிக் கேட்டால்தான் பதில் வரும்.

மரபணுவுக்கும் இங்கே தனி இடம் உண்டு. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின், எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குத் தோல் உரியும் கொடிய ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். ஆசியர்களிடம் இந்த வகை அதிகம் என்பதால், முதன்முறையாக அந்த மருந்தைத் தொடங்கும் ஆசிய நோயாளிகளுக்கு முன்கூட்டியே சோதனை செய்வதைச் சிங்கப்பூரில் 2013ஆம் ஆண்டு வழக்கமான சிகிச்சை முறையாக்கினார்கள். ஒவ்வாமை பெரும்பாலும் முதல் சில வாரங்களில் வரும். அந்தக் காலத்தில் காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு என்று வந்தால் சாதாரணமாக விட்டுவிடக்கூடாது. இரத்தச் சிவப்பணுக்களைப் பாதுகாக்கும் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாட்டுக்கு இங்கே பிறக்கும் குழந்தைகளை 1965 முதலே சோதிக்கிறார்கள். இந்தக் குறைபாடு உள்ளவருக்கு டாப்சோன், பிரைமாகுவின் போன்றவை இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அலமாரியில் போடும் நாப்தலீன் உருண்டைகூட ஆகாது. இதிலும் நேரம் இருக்கிறது. சிறுநீர் கருத்துப்போவதும் மஞ்சள் காமாலையும் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத்தான் வரும், அதற்குள் நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார். டிஸ்சார்ஜ் ஆகும்போதே சொல்லி அனுப்ப வேண்டும்.

மாத்திரையை நசுக்குவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூக்குவழிக் குழாய் இருப்பவருக்கு எல்லா மாத்திரையையும் உரலில் போட்டு இடித்துவிடும் பழக்கம் ஆபத்தானது. பெயரின் கடைசியில் எஸ்ஆர், எக்ஸ்ஆர், எல்ஏ, சிஆர் என்று இருந்தால் அது மெல்ல மெல்ல வெளிவரும்படி செய்த மாத்திரை. 24 மணிநேரத்துக்கான நிஃபெடிபின் என்ற இரத்த அழுத்த மாத்திரையை இடித்துக் கொடுத்தால் அத்தனையும் ஒரே நேரத்தில் போய் இரத்த அழுத்தம் கிடுகிடுவென்று இறங்கும். மருந்தாளரைக் கூப்பிட்டு மாற்று வடிவம் கேளுங்கள், அநேகமாக இருக்கும்.

கணக்கில் பயம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. சூத்திரம் ஒன்றுதான்: வேண்டிய அளவை, கையில் இருக்கும் அளவால் வகுத்து, அது எவ்வளவு திரவத்தில் இருக்கிறதோ அதால் பெருக்குவது. 10 மில்லிகிராம் 1 மில்லிலிட்டரில் இருக்கும் மார்ஃபீனில் 2.5 மில்லிகிராம் வேண்டுமானால் 0.25 மில்லிலிட்டர். தடுமாற்றம் பெரும்பாலும் அலகுகளில்தான் வருகிறது. மில்லிகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். டிகோக்சின் 125 மைக்ரோகிராம் என்றால் 0.125 மில்லிகிராம். இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்துவிட்டு, விடைக்கு ஐந்தாறு மாத்திரையோ பல குப்பி மருந்தோ தேவை என்று வந்தால் கையை நிறுத்துங்கள். இரத்த நாளத்தில் மெல்ல ஏற்றும் வான்கோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளில் வேகமும் கணக்கில் சேரும். நிமிடத்துக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்றால் 1 கிராமுக்கு 100 நிமிடம். அவசரமாக ஓடவிட்டால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும், இரத்த அழுத்தமும் இறங்கலாம்.

படிக்கும் முறைக்கு வருகிறேன். பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரிடமும் ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுத்து, தாளில் குறுக்கே 24 மணிநேரக் கோடு ஒன்று போடச் சொல்வேன். அவருக்குப் போகும் ஒவ்வொரு மருந்துக்கும் ஆரம்பம், உச்சம், முடிவு மூன்றையும் அந்தக் கோட்டில் குறிக்க வேண்டும். கூடவே சாப்பாடு, பிசியோதெரபி, இரத்தம் எடுக்கும் நேரம், தூக்கம் எல்லாவற்றையும். முதலில் வேலை அதிகமாகத் தெரியும். பிறகு அவர்களுக்கே ருசி பிடித்துவிடும்.

ஒரு மாணவி அப்படிப் போட்ட கோட்டில், இரண்டு இரத்த அழுத்த மாத்திரைகள், ஃபுரோசமைட், ஆண்களுக்குப் பெரிதாகிவிடும் புராஸ்டேட் சுரப்பிக்குக் கொடுக்கும் ஆல்ஃபா தடுப்பான் என்று நான்கும் காலை 8 மணியில் வரிசையாக நின்றன. பிசியோதெரபிஸ்ட் அந்தத் தாத்தாவை எழுப்பி நடக்கவைப்பது 10 மணிக்கு. மூன்று நாளாக அந்த நேரத்தில் தலைசுற்றுகிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "அக்கா, நாலும் ஒரே நேரத்துல உச்சத்துக்குப் போகுதே" என்றாள் அந்தப் பெண். படுத்திருக்கும்போது ஒருமுறை, நின்ற பிறகு 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் இரத்த அழுத்தம் எடுத்தோம், நிற்கும்போது நன்றாகவே இறங்கியது. அந்த எண்களையும் அவள் போட்ட கோட்டையும் காட்டினோம். மருத்துவர் ஆல்ஃபா தடுப்பானைப் படுக்கும் நேரத்துக்கு மாற்றி எழுதினார், ஒரு இரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் குறைத்தார். மாற்றிய பிறகு இரவில் கழிவறைக்கு எழும்போது மணியடித்துக் கூப்பிட வேண்டும் என்று தாத்தாவிடம் சொல்லும் பொறுப்பை அவளிடமே கொடுத்தேன். இரவு ஷிஃப்ட்டுக்கான ஹேண்ட்ஓவரிலும் அவளே அதைச் சொன்னாள்.